குல்தரா: பாலையில் கோதுமை விளைந்த ஊர்

ராஜஸ்தானின் ஜெய்சால்மரிலிருந்து 18 கிலோமீட்டரில் இருக்கிறது குல்தரா. கூரை போன கல்வீடுகள், நேர்கோடாகத் தெருக்கள். மனித வாடை இல்லை. ஜெய்சால்மர் அரசின் திவான் சாலிம் சிங் ஊர்த் தலைவரின் மகள்மீது கண் வைத்தானாம்; மானத்துக்கு அஞ்சி, குல்தரா உள்ளிட்ட 84 கிராமத்துப் பாலிவால் பிராமணர்களும் ஒரே இரவில் சாபமிட்டு வெளியேறினார்களாம். பேய் உலவும் ஊர் என்று சொல்லியே இன்று சுற்றுலாக்காரர்களை அழைத்துப் போகிறார்கள்.

சாலிம் சிங்கின் கொடுமை பொய்யல்ல. அவன் மக்களைக் கசக்கிப் பிழிந்ததை பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் டாட் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்த 'ஒரே இரவு'தான் இடிக்கிறது. 1815 வாக்கில் டாட் கேட்டறிந்த கணக்கில் இங்கே 200 குடும்பங்கள். அதற்கு முன்பே பலர் கிளம்பியிருந்தார்கள். 1890-இல்கூட 37 பேர் இருந்ததாக லட்சுமி சந்தின் ஜெய்சால்மர் வரலாறு சொல்கிறது. கிணறுகள் ஒவ்வொன்றாக வற்ற, வரி ஏற, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நிலநடுக்கமும் காரணமாகலாம் என்று புவியியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள்.

ஏன் போனார்கள் என்று கேட்டுக் கேட்டு, எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத மண்ணில் அவர்கள் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தவர்கள். அந்த முறைக்குப் பெயர் 'கடீன்'. பாறைச் சரிவில் விழும் மழை உருண்டோடி வரும் தாழ்நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை போடுவார்கள். நம் ஏரியில் தேங்கும் நீர் மதகு வழியே வெளியே போய் வயலை நனைக்கும். கடீனில் நீர் தேங்கும் இடமேதான் வயல். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கியதும், மிச்சத்தைக் கரையிலுள்ள மதகு வழியே வடித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் விதைப்பார்கள். அதன்பின் ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. நிலத்தில் ஊறிய ஈரமே பங்குனி அறுவடை வரைக்கும் பயிரைத் தாங்கும். தண்ணீரோடு வந்து படியும் வண்டலே எரு. சரிவையும் மண்ணையும் தலைமுறை தலைமுறையாகப் படித்த கண்களால்தான் அந்தக் கரைக்கு இடம் குறிக்க முடியும். என்னைக் கேட்டால், குல்தராவில் வியக்க வேண்டியது இந்த அறிவைத்தான்.

ஜெய்சால்மர் வட்டாரத்தில் கடீன்களில் இன்றும் உழவு நடக்கிறது. குல்தராவுக்குப் போகிறவர்கள், தை மாசியில் போங்கள். இடிந்த சுவர்களைப் பார்த்த கையோடு, பக்கத்தில் கடீன் எங்கே என்று விசாரித்து அந்தப் பச்சையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.