தாமஸ் எப்பெசன்

தாமஸ் எப்பெசன் (பிறப்பு: ஜனவரி 30, 1954) நார்வேயின் ஒஸ்லோ நகரில் பிறந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகளின் வழியே எதிர்பாராத அளவு ஒளி செல்வதைக் கண்டறிந்தவர்.

பெத்தேயின் கணக்கு

துளை சிறுத்தால் ஒளி குறையும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் துளை அலைநீளத்தைவிடச் சிறிதாகிவிட்டால் ஒளி மிகக் கடுமையாகக் குறையும். 1944இல் ஹான்ஸ் பெத்தே இதைக் கணக்கிட்டார். துளைமீது விழும் ஒளியில் கடந்து செல்லும் பங்கு, ஆரத்தை அலைநீளத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரத்தைப் பாதியாக்கினால் அந்தப் பங்கு 16இல் ஒன்றாகும். துளையின் பரப்பும் காலாகச் சுருங்குவதால், வெளிவரும் மொத்த ஒளி 64இல் ஒன்றே. மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

கண்டுபிடிப்பு

1989இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தில் பணியாற்றியபோது, எப்பெசன் உலோகப் படலம் ஒன்றில் வரிசை வரிசையாக நுண்துளைகள் இடச் செய்தார். மிகச் சிறிய குழிகளுக்குள் மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அறிவதே அவர் நோக்கம். ஆனால் அந்தப் படலத்தின் வழியே ஒளி தாராளமாக வந்தது! காரணம் விளங்கவில்லை. விளக்கத்தோடு கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவர 1998 ஆயிற்று. பள்ளி ஆய்வகத்தில் விடை பொருந்தாவிட்டால் அளவீட்டையே திருத்தி எழுதிவிடும் நமக்கு, இந்த ஒன்பது ஆண்டுகள் யோசிக்கத்தக்கவை.

அக்கட்டுரையில் கூறப்பட்ட வெள்ளிப் படலத்தில் துளையின் விட்டம் 150 நானோமீட்டர், இடைவெளி 900 நானோமீட்டர். விட்டத்தைப்போல் ஒன்பது மடங்கு நீண்ட, 1370 நானோமீட்டர் அலைநீள ஒளியே மிகுதியாகக் கடந்தது. துளைகளின்மீது நேரே விழுந்த ஒளியைவிட, வெளிவந்த ஒளி இரு மடங்குக்கும் மேல்.

ஆற்றல் புதிதாக முளைக்கவில்லை. உலோகப் பரப்பிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியோடு இணைந்து பரப்பு நெடுக அலையாக ஓடும். இதுவே மேற்பரப்புப் பிளாஸ்மான். வழவழப்பான உலோகத்தில் ஒளியால் இவ்வலையை நேரடியாக எழுப்ப முடியாது. சீரான இடைவெளியுள்ள துளைகள் அதற்கு வழிசெய்கின்றன. அதனால் துளைகளுக்கு இடையே விழுந்த ஒளியும் திரண்டு மறுபக்கம் வருகிறது. இடைவெளியை மாற்றினால் கடக்கும் அலைநீளமும் மாறும். கட்டற்ற எலக்ட்ரான்கள் நிறைந்திராத ஜெர்மானியப் படலத்தில் இவ்விளைவு தோன்றவில்லை; விளக்கத்துக்கு இது வலுவான சான்று.

பயன்களும் பிற்காலப் பணியும்

படலத்தின்மேல் ஏதேனும் மூலக்கூறு ஒட்டினால் கடக்கும் அலைநீளம் சற்றே நகரும். உணரிகள் இதைப் பயன்படுத்துகின்றன. நிற வடிகட்டிகளும் செய்யலாம்.

2014இல் ஸ்டெஃபான் ஹெல், ஜான் பெண்ட்ரி ஆகியோருடன் காவ்லி பரிசு பெற்றார். பின்னாளில் குழிகளுக்குள் அடைபட்ட மூலக்கூறுகள் பற்றிய பழைய கேள்விக்கே திரும்பினார். இரு கண்ணாடிகளுக்கு இடையே வைத்தால் வேதிவினையின் வேகம் மாறுவதாக 2012இல் அவரது குழு அறிவித்தது.