உதவித்தொகை உண்டு, கொண்டு சேர்ப்பவருக்கு 'ஊழியர்' தகுதி இல்லை!

புது தில்லி: முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் எழுகிறது. ஆனால், அந்த ஓய்வூதியத்தை உரியவரின் கைக்குக் கொண்டு சேர்ப்பவர் யார், அவருக்கு அரசு என்ன தருகிறது என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களைப் பொருத்தவரை இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

காரணம், அங்கு உதவி பெறத் தகுதியுள்ளவரின் ஆவணங்கள் பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் இருப்பதில்லை. ஒரே மொழியிலும் இருப்பதில்லை. விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லவும், சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஒருவர் இல்லையெனில், சட்டத்தில் உள்ள உரிமை சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிடுகிறது.

எல்லைக் கோடும் ஆவணங்களும்:

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்திலேயே நீடித்தன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த சித்தூரும் கேரளத்தின் பகுதிகளாயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 லட்சம் பேர். இடுக்கி மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தமிழர்.

மூணாறு, வண்டிப்பெரியாறு பகுதிகளின் தேயிலைத் தோட்டத் தொழிலாளி 58 வயதில் ஓய்வு பெறுகிறார். வேலை முடிந்ததும், தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டாக வேண்டும். குடும்பத்தில் வேறு எவரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லையெனில் தங்க இடமில்லை. பிள்ளைகள் திருப்பூரிலோ, கோவையிலோ, தேனி மாவட்டத்திலோ வேலை பார்ப்பர். முதியவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

குடும்ப அட்டை கேரளத்தில் இருக்கும். ஆதார் அட்டை பிள்ளையின் தமிழக முகவரிக்கு மாறியிருக்கும். தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறொரு பெயர் என்பதும் சாதாரணம். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே வருவதா, பின்னே வருவதா என்பதில் தொடங்கும் வேறுபாடு, தமிழ்ப் பெயரை மலையாள எழுத்தில் எழுதி, அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பெரிதாகிவிடுகிறது. கணினி இவற்றை இரு வேறு நபர்களாகவே கொள்ளும். வயதுக்குச் சான்றாகப் பள்ளிச் சான்றிதழ் கேட்டால், பள்ளிக்கே போகாத தலைமுறையிடம் அது இருப்பதில்லை.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் (1995) குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதைக் கொண்டு மட்டும் ஒரு முதியவர் வாழ இயலாது என்பதால், மாநில அரசின் உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் அவருக்கு அடுப்பெரியும் விஷயமாகும்.

பாலக்காட்டில் நிலைமை வேறு வகைப்பட்டது. முதலமடை கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கு வாகனச் சாலை தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. அங்குள்ள பழங்குடி முதியவர் தமது சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குச் செல்லவே வேறு மாநிலத்தைக் கடந்தாக வேண்டும். இடுக்கியின் இடமலைக்குடியும் இதற்குச் சளைத்ததல்ல. 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக உருவாக்கப்பட்ட அதன் அலுவலகம், நீண்ட காலம் மலைக்குக் கீழே தேவிகுளத்திலிருந்தே இயங்கியது.

தில்லி தரும் 200 ரூபாய்:

தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் 60 முதல் 79 வயது வரையிலான வறிய முதியோருக்கு மத்திய அரசு மாதம் 200 ரூபாயும், 80 வயதைக் கடந்தோருக்கு 500 ரூபாயும் வழங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 300 ரூபாய். 200 ரூபாய் என்ற அளவு 2007 முதல் மாறவில்லை. நாடு முழுவதும் பயனாளிகள் எண்ணிக்கைக்கு 3.09 கோடி என்ற உச்சவரம்பும் உண்டு. தொகையை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்தும் பலனில்லை.

மீதிச் சுமையை மாநிலங்களே ஏற்கின்றன. கேரளம் மாதம் 1,600 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழகம் 2023-ல் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக்கியது.

மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றொரு சிக்கல். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, 40 சதவீதத்தை அடிப்படை அளவாகக் கொள்கிறது. ஆனால் மத்திய அரசின் ஓய்வூதியம் பெற 80 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். மாநில அரசின் திட்டங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. 'எந்தத் திட்டத்துக்கு நான் தகுதியானவன்?' என்ற எளிய கேள்விக்கு விடை கூறவே பயிற்சி பெற்ற ஒருவர் தேவைப்படுகிறார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. கேரளத்தில் பயனாளி உயிருடன் இருப்பதை 'அட்சயா' மையத்தில் கைரேகை பதித்து உறுதி செய்யும் 'மஸ்டரிங்' முறை 2019 முதல் நடைமுறையில் உள்ளது. படுக்கையில் இருப்போருக்கு வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழியுண்டு. எனினும், அதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை யாரேனும் சொன்னால்தான் தெரியும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் போனால் மாற்று வழி என்ன என்பதையும் யாரேனும் சொல்லியாக வேண்டும்.

பலர் கையில் ஒரே வேலை:

அந்த 'யாரேனும்' யார்? ஒருவர் அல்லர். 'ஆஷா' பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர், பஞ்சாயத்தின் வலி நிவாரண சிகிச்சைச் செவிலியர், பழங்குடியினர் நலத் துறை ஊக்குநர், 'குடும்பஸ்ரீ' உறுப்பினர், உதவித்தொகையை வீட்டுக்குக் கொண்டு செல்லும் கூட்டுறவுச் சங்க முகவர் எனப் பலரும் இந்தப் பணியின் ஒவ்வொரு துண்டைச் செய்கின்றனர். எவருக்கும் இதுவே முழுப் பணி அன்று.

இவற்றுள் முறையான வடிவம் பெற்றது வலி நிவாரண சிகிச்சைப் பணிதான். 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் உள்ளிட்டோர் தொடங்கிய முயற்சி, ஊர்தோறும் தன்னார்வலர்களைத் திரட்டிய இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இன்று பஞ்சாயத்து நிதியில் செவிலியர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். புண்ணுக்கு மருந்திடும் செவிலியரே, அந்த வீட்டில் ஓய்வூதியம் நின்றுபோயிருப்பதையும் முதலில் அறிபவர். படுக்கையில் கிடப்பவரைக் கவனிப்போருக்கு மாதம் 600 ரூபாய் வழங்க வகுக்கப்பட்ட 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தைப் பற்றிக் குடும்பத்தார் கேள்விப்படுவதும் பெரும்பாலும் இத்தகையோர் வாயிலாகத்தான். ஆனால், பெரும்பாலான இடங்களில் இச்செவிலியர் ஒப்பந்த அடிப்படையிலேயே பணிபுரிகிறார்.

266 நாள் போராட்டம்:

2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்துடன் அறிமுகமான 'ஆஷா' பணியாளர், அரசின் கணக்கில் இன்றும் 'தன்னார்வலர்'. அவர் பெறுவது ஊதியம் அன்று. மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும் மட்டுமே. தாய்-சேய் நலனுக்காக உருவாக்கப்பட்ட இப்பணியில் சர்க்கரை நோய், ரத்த அழுத்தக் கணக்கெடுப்பு, முதியோர் வீடுகளுக்குச் செல்லுதல் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கேரளத்தில் சுமார் 26,000 'ஆஷா' பணியாளர்கள் உள்ளனர். இவர்களில் ஒரு பிரிவினர் மதிப்பூதியத்தை 21,000 ரூபாயாக்க வேண்டும், ஓய்வுபெறும்போது 5 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் எனக் கோரி, 2025 பிப்ரவரி 10-ம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன்பு போராட்டம் தொடங்கினர். 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தில் 1,000 ரூபாய் உயர்வை மாநில அரசு அக்டோபர் இறுதியில் அறிவித்தது. 266 நாள்களுக்குப் பின் நவம்பர் 1-ல் தலைநகர்ப் போராட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில், வழக்கமான பணிகளுக்கான மாத ஊக்கத்தொகை 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாயாக உயர்த்தப்படுவதாக மத்திய அரசு ஜூலை மாதம் மக்களவையில் தெரிவித்தது. பொறுப்பு மாநிலத்துடையதா, மத்திய அரசுடையதா என்ற வாதம் இரு அவைகளிலும் நடந்தது. தொகை சற்று உயர்ந்தது. 'ஊழியர்' தகுதி மட்டும் கிட்டவில்லை.

இத்தனைக்கும், திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என 2013-ல் நடைபெற்ற 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்திருந்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழி திறந்திருக்கிறது, நடப்பதற்குத்தான் அரசுகள் தயங்குகின்றன.

பயிற்சி உண்டு, பணியிடம்?

இப்பணிக்கெனப் படிப்பே இல்லை என்று கூறிவிட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் இணைந்து வடிவமைத்த ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை மத்திய அரசு 2021 மே மாதம் தொடங்கிவைத்தது. மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்குச் சென்று, அவர்களைச் சேவைகளுடன் இணைக்கும் களப் பணியாளர்களை உருவாக்குவதே இதன் நோக்கம். இவர்களுக்கு 'திவ்யாங் மித்ரா' என்று பெயரும் சூட்டப்பட்டது. ஆனால், படித்து முடித்தவரை அமர்த்திக்கொள்ள ஒவ்வொரு பஞ்சாயத்திலும் நிரந்தரப் பணியிடம் உருவாக்கப்படவில்லை. எல்லைப் பகுதி இளைஞர் ஒருவர் இதைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

தமிழகத்தில் உலக வங்கி உதவியுடன் செயல்படும் 'உரிமைகள்' திட்டம், 'விழுதுகள்' சேவை மையங்கள் வாயிலாக மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை ஒரே இடத்தில் தர முனைகிறது. கேரளத்தில் 'குடும்பஸ்ரீ' 2024-ல் முதியோர் பராமரிப்புக்கெனப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வேலைவாய்ப்பு வழங்கத் தொடங்கியது. இரண்டும் நல்ல முயற்சிகளே. ஆனால், மாநில எல்லையில் ஒன்று முடிந்துவிடுகிறது. மற்றொன்று அங்கிருந்துதான் தொடங்குகிறது. போடிமெட்டுக்கும் குமுளிக்கும் இரு புறமும் காலூன்றி நிற்கும் குடும்பத்துக்கு இரண்டையும் அறிந்த ஒருவர் தேவை.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007), முதியவர் தாமே விண்ணப்பிக்க இயலாதபோது அவர் அதிகாரமளிக்கும் வேறொருவரோ, அமைப்போ மனு செய்யலாம் என்கிறது. முதியவர் வசிக்கும் மாவட்டத்திலோ, பிள்ளைகள் வசிக்கும் மாவட்டத்திலோ மனு தாக்கல் செய்யலாம். அதாவது, வண்டிப்பெரியாறில் உள்ள தாய், திருப்பூரில் உள்ள மகன் மீதான மனுவை இடுக்கி மாவட்டத்திலேயே அளிக்க முடியும். இந்த விதியை அந்தத் தாய்க்கு எடுத்துரைக்கும் ஆள்தான் இல்லை.

தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை:

மொழியைப் பொருத்தவரையிலும் சட்டம் தெளிவாகவே உள்ளது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட சிறுபான்மையினர் தத்தம் மொழியில் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்கிறது. சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பதிலும் அதே மொழியில் அளிக்கப்பட வேண்டும். அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவும் குறை தீர்க்கும் மனுக்களுக்கு இத்தகைய உரிமையை வழங்குகிறது. ஆனால், கைரேகை இயந்திரத்தின் முன் நிற்கும் மூதாட்டிக்கு, அரசியல் சாசனம் நினைவுக்கு வரப்போவதில்லை. அருகில் நின்று தமிழில் விளக்க ஒருவர் இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கே பொருள் உண்டு.

எனவே, செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தமிழர்கள் கணிசமாக வாழும் சித்தூர், அட்டப்பாடி, தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு தாலுகாக்களின் பஞ்சாயத்துகளில், தமிழும் மலையாளமும் அறிந்த ஒருவரையாவது இப்பணிக்கென முழு நேரமாக, ஊதியத்துடன் நியமிக்கலாம். ஏற்கெனவே களத்தில் உள்ள 'ஆஷா', வலி நிவாரணப் பணியாளர்களுக்கு இதில் முன்னுரிமை தரலாம். இடுக்கி - தேனி, பாலக்காடு - கோவை மாவட்ட நிர்வாகங்கள், ஆவணங்களை ஒத்துப் பார்க்க எல்லையில் ஆண்டுக்கு இரு முறையேனும் கூட்டு முகாம் நடத்தலாம்.

மூத்த குடிமக்களுக்கெனத் தனி ஆணையம் அமைக்க 2025-ல் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் கேரளம். எல்லைத் தமிழ் முதியோரின் நிலையை அந்த ஆணையம் ஆராய்வது பொருத்தமாக இருக்கும். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் - ஆழியாறு நீர்ப் பங்கீட்டுக்காக இரு மாநில அதிகாரிகள் கூடிப் பேசுவது வழக்கம். அதே மலைகளில் வாழும் முதியோருக்காகவும் அவர்கள் ஒரு முறை கூடலாம்.

ஓய்வூதியத்தை 200 ரூபாயிலிருந்து உயர்த்தக் கோரும் தமிழக, கேரள எம்.பி.க்கள், அதைக் கொண்டு சேர்ப்பவரின் பணித் தகுதியையும் அதே கேள்வியில் சேர்த்துக் கேட்டால் எல்லைத் தமிழருக்கு அது பேருதவியாகும். தொகை எவ்வளவு உயர்ந்தாலும், வாசல் வரை வந்து சேராவிட்டால் அதன் மதிப்பு பூஜ்யம்தான்.