மலையகத்தில் மழைக்காலம் எப்படி உருவாகிறது?

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் பருவகாலங்களைத் தீர்மானிப்பதில்லை. பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில். நுவரெலியாவில் துகள் உறைபனி கொழுந்தைக் கருக்குவதும் அதே ஜனவரியில்தான். உண்மைக் காரணம், பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பது.

அந்தச் சாய்வால் சூரியன் வடக்கே உச்சம்கொள்ளும்போது ஆசிய நிலப்பரப்பு சூடேறிக் கடற்காற்றை இழுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை அந்தத் தென்மேற்குக் காற்று ஹட்டன் சரிவுகளில் மழையைக் கொட்டுகிறது. மலைக்கு அப்பால் ஊவா வறள்கிறது. டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி வந்து ஊவாவை நனைக்கிறது.

இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரிலும் பெருமழை உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தது இக்காலத்தில்தான். மழை வரும் மாதம் தெரிந்திருந்தது. மண்சரிவு அபாயமும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்த மக்களுக்குக் கிடைக்காதது பாதுகாப்பான காணி மட்டுமே.