வார இறுதியில் விமானி ஆக முடியுமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1965இல் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம், 1998இல் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் வந்தபோது பெரிய விமானங்களைப் பறிகொடுத்தது. பறப்பு மன்றங்களும் அவற்றின் சிறு விமானங்களும் அங்கே இன்றும் உண்டு. நெரிசல் இல்லாத காலையில் கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ அரை மணியில் போய்விடலாம். ஆகவே அலுவலகத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு: வேலையை விடாமல், சனி ஞாயிறில் மட்டும் பறந்து வர்த்தக விமானி உரிமம் வாங்க முடியுமா?

விதிப்படி முடியும். அதற்கு எத்தனை ஆண்டு பிடிக்கும், எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்று படிகள்

மலேசியாவில் விமானி உரிமம் வழங்குவது, 2018இல் உருவான மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். அதன் விதிகள் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தைத் தழுவியவை. அந்தத் தரத்தின்படி முதல் படி, பி.பி.எல். எனப்படும் தனியார் விமானி உரிமம். 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு நண்பர்களை ஏற்றிச் செல்லலாம். சம்பளம் வாங்கிப் பறக்கக் கூடாது.

இரண்டாவது படி வர்த்தக உரிமமான சி.பி.எல். வயது 18, பறப்பு 200 மணி. அதில் 100 மணி, முடிவுகள் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பேற்கும் தலைமை விமானியாக இருந்திருக்க வேண்டும். வழியில் இரண்டு நிலையங்களில் இறங்கி, மொத்தம் 540 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரு நெடும்பயணமும் உண்டு. சுபாங்கில் கிளம்பி, ஈப்போ, பினாங்கு இரண்டிலும் இறங்கித் திரும்பினால் இந்தத் தொலைவு தேறிவிடும்.

மூன்றாவது படியான ஏ.டி.பி.எல்., அதாவது விமானப் போக்குவரத்து விமானி உரிமத்துக்கு, 21 வயதும் 1,500 மணியும் வேண்டும். பெரும்பாலோர் இந்த மணிகளை விமான நிறுவனத்தில் துணை விமானியாக வேலை பார்த்தபடியே சேர்க்கிறார்கள். அந்த வேலைக்குள் நுழைய சி.பி.எல். மட்டும் போதாது, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, இரட்டை எஞ்சின் விமானத் தகுதி, ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி ஆகியவையும் வேண்டும்.

ஒரே உரிமம், இரண்டு வழி

முழுநேரப் படிப்பில், அங்கீகாரம் பெற்ற பள்ளி முதல் நாள் வகுப்பிலிருந்து கடைசித் தேர்வு வரை ஒரே பாடத்திட்டமாக நடத்துகிறது. மலாக்கா பத்து பெரெண்டாமில் உள்ள மலேசியன் ஃப்ளையிங் அகாடமி, லங்காவியில் உள்ள எச்.எம். ஏரோஸ்பேஸ் போன்றவை இந்த வகை. மாணவர் பெரும்பாலும் அங்கேயே தங்கி, ஒன்றரை ஆண்டு வாக்கில் முடிக்கிறார். பகுதி நேர வழியில் பி.பி.எல்., மணி சேர்த்தல், எழுத்துத் தேர்வு, சி.பி.எல்., கருவித் தகுதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வசதிப்பட்டபோது முடித்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விதியிலேயே எண்ணாகத் தெரிகிறது. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் சி.பி.எல். பெறுபவருக்கு 200 மணிக்குப் பதில் 150 மணியே போதும். தலைமை விமானியாக 70 மணி போதும். இடைவெளி இல்லாமல், திட்டமிட்ட வரிசையில் கற்றால் வீணாகும் மணி குறைவு என்பதே இந்தச் சலுகையின் பொருள்.

கை மறந்துவிடும்

வீணாகும் மணி எங்கே போகிறது? பயிற்சிக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். 1956இல் விற்பனைக்கு வந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000க்கு மேல் தயாராகியிருக்கிறது. இறங்கும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். ஓடுதளத்துக்குச் சில மீட்டர் மேலே வரும்போது மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தைக் கரைத்து, பின் சக்கரங்கள் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். சற்று முன்னதாக உயர்த்தினால் விமானம் மிதந்து பிறகு தொப்பென்று விழும். பிந்தினால் மூக்குச் சக்கரம் அடிபடும். அந்தச் சில நொடியில் கண் காணும் ஓடுதளத்தின் தோற்றமும் கைக்குத் தெரியும் பாரமும் ஒன்றுசேர வேண்டும். இது புத்தகத்தில் வராது. திரும்பத் திரும்ப இறக்கித்தான் வரும்.

பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வீணை கற்பவர் வாரம் ஒரு வகுப்புக்குத்தான் போவார்; ஆனால் வீட்டில் ஒரு வீணை இருந்தால் தினமும் சாதகம் செய்யலாம். விமானத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. மூன்று வாரம் கழித்து வருபவர், போன முறை கற்றதை மீட்கவே முதல் அரை மணியைச் செலவிடுகிறார். எஞ்சின் ஓடும் நேரத்துக்குத்தான் கட்டணம். எரிபொருளோடு, சுமார் 2,000 மணிக்கு ஒருமுறை எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீரமைக்கும் செலவும் அதில் அடக்கம். மணிக்குப் பல நூறு ரிங்கிட் என்னும்போது, மறந்ததை மீட்கும் அரை மணி மலிவானதல்ல.

உரிமம் பெற்றவருக்கே இந்த மறதி உண்டு என்று விதி கருதுகிறது. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிராத விமானி பயணிகளை ஏற்றக் கூடாது என்பது உலகில் பரவலாக உள்ள விதி.

வானமும் விடுப்பு தர வேண்டும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானிலை பகுதி நேர மாணவருக்கு இன்னொரு தடை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் ஆனால் இடிமேகம் திரளும். தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா’ எனப்படும் காற்றுமழை வரிசை, நீரிணையைக் கடந்து விடியற்காலையில் கரையைத் தாக்கும். புகைமூட்டக் காலம் வேறு. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கண்ணால் பார்த்து ஓட்டும் மாணவருக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் வரை தெளிவாகத் தெரிய வேண்டும்.

முழுநேர மாணவர் சனிக்கிழமை மழையைத் திங்கட்கிழமை ஈடுகட்டுவார். வார இறுதி மாணவர் அடுத்த சனிக்குக் காத்திருப்பார். சனி ஒரு மணி, ஞாயிறு ஒரு மணி என்று வைத்தால் ஆண்டுக்கு 104 மணி. மழையும் புகையும் விமானப் பழுதும் உறவினர் கல்யாணமும் பாதியைத் தின்றால் மிஞ்சுவது 52. அந்த வேகத்தில் 200 மணிக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு.

பகுதி நேரத்தின் பலம்

இவ்வளவு சொன்னாலும் பகுதி நேர வழியை ஒதுக்கிவிட முடியாது. 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற ஜே.ஆர்.டி. டாடா, குடும்ப நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பம்பாய் பறப்பு மன்றத்தில் கற்றவர். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டியவரும் அவரே.

இன்று பகுதி நேரத்தின் முதல் பலம் பணம். முழுநேரப் படிப்புக்கு மூன்று லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது, பெரும்பாலும் கடன்தான். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடியதும் அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்தார்கள். புதிதாக உரிமம் வாங்கியவர் கையில் கடன் மட்டும் நின்றது. சம்பளத்திலிருந்து கட்டிப் படித்தவருக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருந்தது.

இரண்டாவது பலம் எழுத்துப் பாடம். வானிலையியல், வழிகாட்டல், விமான எடைக் கணக்கு, சட்டம் என்று பதின்மூன்று பதினான்கு தாள்களை இரவில் உட்கார்ந்தே படிக்கலாம். கெடுவை மட்டும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய விதியில், முதல் தாள் எழுதியதிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாத் தாள்களும் தேற வேண்டும்.

என்ன செய்யலாம்?

இரண்டையும் கலப்பதே நல்லது. பி.பி.எல்.லை வார இறுதியில் முடிக்கலாம். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அப்போதும் இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பறக்காத வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சோதனைப் பட்டியலை வாய்விட்டுச் சொல்லி, கையசைவுகளை ஒத்திகை பார்க்க வேண்டும். எழுத்துப் பாடங்களை மாலை நேரத்தில் படிக்கலாம். கருவித் தகுதியையும் இரட்டை எஞ்சின் பயிற்சியையும் மட்டும் துண்டு துண்டாகச் செய்யாமல், சில மாதம் விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். கை அதிகம் மறப்பதும் கட்டணம் அதிகம் ஆவதும் அங்கேதான்.

எந்த வழியானாலும் முதல் ரிங்கிட்டை, வர்த்தக விமானிக்கு வேண்டிய முதல் நிலை (Class 1) மருத்துவச் சோதனைக்குச் செலவிடுங்கள். கண், நிறம் பிரித்தறிதல், செவி, இதயம், இரத்தச் சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிடக் கூடுதல் என்பதால், முப்பதைத் தாண்டிய நம்மவர் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்தச் சான்றிதழ் கையில் வரும்வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.