விலங்கிட முடியாத ஓசை

அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட மனிதனின் பெயரை மாற்றலாம், மொழியை மறக்கடிக்கலாம், மனைவி மக்களைப் பிரிக்கலாம். ஆனால், அவன் நெஞ்சில் ஊறிய இறைநினைவின் ஓசையைப் பறிக்க எந்த எசமானனாலும் இயன்றதில்லை. இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் குஜராத்திலேயே அது இருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் கப்பலேற்றப்பட்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வாணிபத்தில் போர்த்துகீசியர் மட்டுமல்லர், முஸ்லிம் வணிகரும் பங்கு கொண்டனர் என்னும் உண்மையை மறைப்பதற்கில்லை. அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் அஹ்மத்நகர் அரசையே வழிநடத்தி, 1626இல் மறைந்த மாலிக் அம்பரை வரலாறு அறியும். ஆனால், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர்? அவர்களுடைய வழித்தோன்றல்களே இன்று சித்தியர் என அழைக்கப்படுகின்றனர்.

முரசே ஏடாக

பரூச் மாவட்டத்தின் ரத்தன்பூரில் பாவா கோர் தர்கா அமைந்துள்ளது. ஹபஷ் நாட்டிலிருந்து வந்து அகீக் கல் வாணிபத்தை வளர்த்த பெரியார் அவர் என்பது சித்தியரின் நம்பிக்கை. அவருடைய சகோதரி மாயி மிஸ்ராவும் அங்கே போற்றப்படுகிறார். முஸ்லிம்கள் மட்டுமன்றி, இந்துக்களும் பார்சிகளும் அங்கு வருகின்றனர்.

அங்கே சித்தியர் நிகழ்த்தும் இசைக்கும் ஆட்டத்திற்கும் 'கோமா' என்று பெயர். முரசையும் ஆட்டத்தையும் குறிக்கும் 'ங்கோமா' என்னும் ஸ்வாஹிலிச் சொல்லின் திரிபே அது. கால் வைத்து நிற்கும் 'முகர்மான்' முரசு. வில்லில் நரம்பு பூட்டிச் சுரைக்குடுக்கை பொருத்திய 'மலுங்கா'. மாயி மிஸ்ராவின் பெயரையே தாங்கிய கிலுகிலுப்பை. பிரேசில் நாட்டிற்கு அடிமைகளாகச் சென்றோரிடமும் மலுங்காவைப் போன்றதொரு வில் வாழ்கிறது. ஒரே கண்டத்தின் இரு பிள்ளைகள் இரு கடல்களுக்கு அப்பால்!

பாடல்களை அவர்கள் திக்ரு என்றே சொல்கின்றனர். அவற்றில் கலந்துள்ள ஆப்பிரிக்கச் சொற்கள் பலவற்றின் பொருள் இன்று பாடுவோருக்கே தெரியாது. பொருள் மறைந்தது, ஓசை மறையவில்லை. எழுதப் படிக்க வழியற்றோருக்கு முரசே ஏடாயிற்று.

பிலாலின் பிள்ளைகள்

சித்தியர் தம் முன்னோராகப் போற்றுவது ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களை. மக்காவின் சுடுமணலில் மார்மீது பாறாங்கல் ஏற்றப்பட்ட வேளையிலும் 'அஹத், அஹத்' என்று முழங்கிய அடிமையின் குரலே பின்னர் பாங்கோசையாயிற்று. மொராக்கோவில் அடிமைகளின் வழிவந்த க்னாவா இசைவாணரும் பிலால் (ரலி) அவர்களையே தம் தலைவராகக் கொள்கின்றனர். அவ்விசையை 2019இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே பெயரைப் பற்றிக்கொண்டது ஏன்? அடிமைக்கும் அல்லாஹ்வின் முன்னிலையில் குரலுண்டு என்பதற்கு அப்பெயரே சாட்சி.

அந்த ஓசையின் வலிமையை எசமானர்களும் அறிந்திருந்தனர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழ, மறு ஆண்டே முரசொலிக்கத் தடைச்சட்டம் வந்தது. முரசு போனபின் அவர்கள் கைதட்டியும் காலால் தரையைத் தட்டியும் இறைவனை அழைத்தனர்.

நம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பிழைப்புத் தேடி வரும் வடமாநிலத்தவருக்கு ஊர்ப்பாட்டு ஆறுதலாகிறது. திரும்பிச் செல்ல வழியுள்ளவருக்கே அப்படியெனில், திரும்பவே இயலாதோருக்கு அது எத்தகைய உயிர்மூச்சாக இருந்திருக்கும்!

தர்காவில் முரசு கூடுமா, கூடாதா என்னும் கேள்வி உலமாக்களுக்குரியது. அதை அவர்கள் ஆராயட்டும். நமக்குரிய கேள்வி வேறு. மேடையில் சித்தியரின் ஆட்டத்திற்குக் கைதட்டும் நாடு, அவர்களுடைய வறுமையைக் கண்டதா? ஜம்பூர் கிராமத்துச் சித்திப் பெண்களின் உயர்வுக்கு உழைத்த ஹீராபாய் லோபி அம்மையாருக்கு 2023இல்தான் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பிலால் (ரலி) என்று பிள்ளைக்குப் பெயர் சூட்டி மகிழும் நாம், பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது நிறத்தை அல்லவா? ஐவேளையும் செவியில் விழும் பாங்கு, அக்கேள்வியை நம்மிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது.