பலா மரமும் தஞ்சை வீணையும்

நெல்லை விட்டால் வேறு தொழில் ஏது என்று வலங்கைமான் பக்கத்து உழவர் கேட்கும்போதெல்லாம், தஞ்சையில் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகளில் நடைபெற்றுவரும் வீணைத் தொழிலை நாம் எடுத்துக் கூறுவதுண்டு. 2013ஆம் ஆண்டில் தஞ்சை வீணை புவிசார் குறியீடு பெற்றது.

வீணைக்கு உகந்தது முற்றிய பலா மரமே. குடம், தண்டி, யாளி முகம் யாவையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஈரம் வற்றாத கட்டை பின்னர் வெடிப்புக் காணும். அவசரக்காரருக்கு இத்தொழில் ஏற்றதன்று.

தொழிலின் உயிர்நிலை மேளம் கட்டுதலாகும். மேனாட்டு மின்கிதாரில் மெட்டுக் கம்பிகளை மரத்தில் அறுத்த பள்ளங்களில் அடித்து இறுக்கிவிடுகின்றனர்; அளவு சரியாக இருந்தால் போதும். வீணையிலோ தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகின்மேல் 24 மெட்டுகளையும், செவியால் சுரம் தேர்ந்து, ஒவ்வொன்றாகப் பதித்தல் வேண்டும். வெயிலில் மெழுகு இளகினாலும், மெட்டுத் தேய்ந்தாலும் மீண்டும் கட்டவேண்டும். மரத்தைச் செதுக்க இயந்திரம் வரலாம். இதற்குப் பழகிய செவியே தேவை. அதைக் கற்க முன்வரும் இளைஞர் குறைந்துவருவது நமக்குக் கவலையளிக்கிறது.

மரமும் எளிதில் கிடைப்பதில்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையே பட்டறைகள் பெரிதும் நாடுகின்றன. நம் தாழ்வயல்களில் பலா தேறாது. வேரில் நீர் தேங்கினால் பட்டுப்போகும். நீர் வடியும் கொல்லை மேடுகளில் தாராளமாக நடலாம். காய்ப்பு ஓய்ந்த மரத்தை விறகு விலைக்குத் தள்ளிவிட வேண்டா. வீணையின் நீளம் ஏறத்தாழ 4 அடி. ஆதலால் அடிமரத்தைத் துண்டாக்குமுன் பட்டறைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஊராட்சிப் புறம்போக்கில் நிற்கும் மரமாயின் உரிய அனுமதி பெற்ற பின்னரே வெட்டுதல் வேண்டும்.