எங்கள் சுகத்தை யார் அளப்பது?

சுவிசில் மக்களின் சுகநலத்தையும் அரசாங்கம் கணக்கெடுக்கிறது. 1992ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை மத்திய புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் மக்களை விசாரிக்கிறது. நாரி நோகிறதா, நித்திரை வருகிறதா, வைத்தியரிடம் எத்தனை தரம் போனீர்கள் என்று கேட்பார்கள். 2022இல் ஏறக்குறைய 22,000 பேர் பதில் சொன்னார்கள்.

ஆனால் கேள்விகள் டொச், பிரெஞ்சு, இத்தாலி ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே. தொழிற்சாலையில் பல வருடம் நின்று உழைத்தும் வணக்கம் சொல்லும் அளவுக்கே டொச் தெரிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! அவர்களின் நோவு இந்தக் கணக்கில் ஏறுவது கடினம். கணக்கில் ஏறாத நோவுக்கு யார் காசு ஒதுக்குவார்கள்?

2004இல் வெளிநாட்டவருக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் தமிழரிடம் தமிழிலேயே கேட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நோயை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. 1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, மக்கள் தங்கள் சுகநலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் பலம் பெறவேண்டும் என்றது. சமூகங்கள் கூடிச் செயற்படுவதை முக்கிய வழியாகக் காட்டியது. அந்தப் பலம் எங்களுக்கு வந்துவிட்டதா? கட்டில்களையும் மாத்திரைகளையும் எண்ணி இதை அறிய முடியாது. நாமே சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

தாயின் வருத்தத்தை வைத்தியருக்குச் சொல்வது பத்து வயது மகளா? பிள்ளைக்கு முன்னால் தாய் பல விஷயங்களை மறைத்துவிடுவார். பிறகு வைத்தியம் எப்படிச் சரிவரும்? நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கிறோமா? செலவு யாருடையது என்றும் விசாரிக்கிறோமா? விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்கிறோமா? அவசரத்துக்கு அம்புலன்ஸ் இலக்கம் 144 என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகெஸ்பிளஸ் சேவை தரும் தமிழ்ச் சுகாதாரப் பிரசுரங்களை வாசித்திருக்கிறோமா? எங்களைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் எங்களில் ஒருவராவது இருக்கிறாரா?

ஒவ்வொரு ஊரிலும் தமிழ்ப் பாடசாலையிலோ சங்கத்திலோ வருடம் ஒருமுறை இவற்றைக் கேட்டு, பதில்களை எண்ணி எழுதிவையுங்கள். நிலைமை மாறுகிறதா என்பது அடுத்த வருடம் தெரியும். அந்தத் தாளோடு கன்டோன் சுகாதாரப் பகுதிக்குப் போனால் வெறும் முறைப்பாடு என்று தள்ளிவைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்காது.